வெள்ளைச்சட்டை வீரனின் கடைசிக் காட்சி

வீடியோ கேமுக்குப் பேச்சுரிமை உண்டா இல்லையா என்று போன வாரம் டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, நான் வேலை பார்த்த ஆபீசில் இப்போது இருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். "சார், உங்க காலத்துல இப்பிடி ஒரு ஃபைலே ஓடுச்சாமே, நெசமா?" என்றாள். நெசம்தான் அம்மா, அந்த ஃபைலைத் திறந்தவனே இந்த மாதையன்தான் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள்.

எழுதுகிறேன். ஆனால் எந்தத் தாலுகா ஆபீஸ், எந்தக் கோர்ட் என்று கேட்கக்கூடாது. மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. ஓசூர்ப் பக்கம், பஸ் ஏறித் தூங்கினால் கண்டக்டர் கன்னடத்தில் எழுப்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சாமல்பட்டிக்காரன். ஸ்டேஷனில் நின்று போகிற ரயில்களுக்குக் கையாட்டியே பள்ளிக்கூடம் முடித்தேன். எழுபதுகளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தபால் பிரிப்பது, நூல் கோப்பது, மேலதிகாரி வரும்போது எழுந்து நிற்பது எல்லாம் கற்றுக்கொண்டு, கடைசியில் எனக்குக் கிடைத்தது உரிமங்கள் சீட். நாடகம், சர்க்கஸ், டூரிங் டாக்கீஸ், திருவிழா ராட்டினம் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும்.

நாடகம் போட வேண்டுமானால் வசனத்தை இரண்டு பிரதி எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நான் படித்து, ஆகாததைச் சிவப்பு மையில் அடித்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். சேர்ந்த புதிதில் சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நாடகத்தில், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் பற்றி பபூனுக்கு நாலு வரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நாலையும் அடித்தேன். நாடகத்தன்று போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பபூன் வந்தான். நாலு வரியையும் சொல்லவில்லை, சட்டத்தை அப்படியே மதித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, காதில் பேனா செருகி, மூக்கின்மேல் கண்ணாடியை இறக்கி, ஒரு காகிதத்தை என்னைப் போலவே முகர்ந்து பார்த்தான். கொட்டகையே உருண்டு சிரித்தது. என் பக்கத்தில் இருந்த கிழவர் எனக்கே முதுகில் தட்டி, "பாரு பாரு, அச்சு அசல் ஆபீசர் மாதிரியே" என்றார். நானும் சிரித்துவைத்தேன். வசனம் என்பது வாயில் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு தாசில்தார் வந்தார். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபத்தில் மறுபடி தெலுங்கு. முடியாது என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. பிடிக்காத ஃபைலின் ஓரத்தில் பச்சை மையில் ‘பேசவும்’ என்று எழுதி அனுப்புவார். போய் நின்றால் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கர்ச்சீப்பால் முதலில் வலது வில்லையைத் துடைப்பார், அப்புறம் இடது. இடது முடிவதற்குள் நாமே பதறிப்போய், "மாத்தி எழுதிட்டு வரேங்கய்யா" என்று சொல்லிவிடுவோம். புது விஷயம் எது வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இது எந்தத் தலைப்புல உக்காரும்?" புதுத் தலைப்பில் ஃபைல் திறந்தால் கலெக்டர் ஆபீசுக்கு எழுத வேண்டும், அவர்கள் சென்னைக்கு எழுதுவார்கள், பதில் வருவதற்குள் நமக்கு மாற்றல் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் இருக்கிற தலைப்புகளுக்குள் எதையாவது திணித்துத்தான் ஆக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அன்வர் பாய் வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல் அந்த பிரஸ்ஸோடு போய்விட்டது. அதற்குக் கொடுத்த நஷ்ட ஈடு முழுவதையும் பெங்களூரில் கொட்டி, பழைய வீடியோ கேம் பெட்டி மூன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் ‘இது என்னது’ என்று கேட்டதற்கு, "டி.வி.தான், கொஞ்சம் குண்டா இருக்குது" என்றாராம்.

"சார், பர்மிசன் இல்லாம நானு தொறக்க மாட்டேன். கம்பெனியில ஒரு கையெழுத்து இல்லாம வேல செஞ்சுதான் வெரலு போச்சு. இந்தப் பொட்டிங்களும் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்ல சார்" என்றார். மீதி மூன்று விரலாலும் மனுவைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது.

ஃபைலை மேலே அனுப்பினேன். ‘பேசவும்’ என்று திரும்பி வந்தது. போய் நின்றேன். வலது வில்லை முடிந்து இடது வில்லை ஆரம்பமாயிற்று.

"எந்தத் தலைப்புல உக்காரும், மாதையன்?"

"ராட்டினத்துல உக்காராதுங்கய்யா, சுத்தல. சினிமாவுல உக்காராது, சென்சார் இல்ல. சூதாட்டத்துல உக்காத்துனா உரிமமே குடுக்க முடியாது."

"அப்புறம்?"

"ஒருத்தன் வரான், சண்ட போடுறான், கெட்டவன் சாவுறான். நாடகந்தானுங்கய்யா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப நாடக ஃபாரத்துல வாங்கு. வசனம் ரெண்டு பிரதி" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வாழ்நாளில் விளையாட்டாக எதையும் சொன்னவர் இல்லை.

ஃபாரத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். மூன்று பெட்டியிலும் ஒரே ஆட்டம் என்பதால் ஒரு ஃபாரம் போதும். நாடகத்தின் பெயர்: வெள்ளைச்சட்டை வீரன். ஆசிரியர்: ஜப்பான் தேசத்தவர், பெயர் தெரியவில்லை. நடிகர் எண்ணிக்கை: வரவர அதிகரிக்கும். நடிகைகள்: இல்லை. முடியும் நேரம்: வீரன் சாவதைப் பொறுத்தது.

வசனம்தான் சிக்கல். பார்க்காமல் எப்படி எழுதுவது? ஆபீஸ் விட்டதும் பாயின் கடைக்குப் போய்விடுவேன். பாய் ஆடுவார், நான் நோட்டில் எழுதுவேன். ‘காட்சி ஒன்று. காடு. வீரன் நடந்து வருகிறான். முரடன் ஒருவன் கத்தியோடு வருகிறான். வீரன் குதிக்கிறான்.’ அப்புறம் நான் ஆடுவேன், பாய் எழுதுவார். அவர் எழுதினால், ‘வீரன் செத்தான். மறுபடி வந்தான். மறுபடி செத்தான். மாதையன் சார் எந்திரிக்க மாட்டேங்கிறார்’ என்று போகும்.

இரண்டாம் காட்சி மலை, மூன்றாம் காட்சி பாலம். பாலத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. பட்டனை வேகமாக அழுத்த விரல் போதாமல் பாயாலும் முடியவில்லை. கடைசிக் காட்சி என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தாசில்தாரோ திங்கட்கிழமைக்குள் கேட்கிறார். எனக்குள் இருந்த நாடக ஆசிரியர் விழித்துக்கொண்டார். கோட்டை. கூண்டில் வீரனின் அண்ணன். வீரன் கூண்டை உடைக்கிறான். கெட்டவன் வீரனின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, இனி உழைத்துப் பிழைப்பேன் என்கிறான். வணக்கம். நல்ல கருத்து இருந்தால் தாசில்தார் சீக்கிரம் கையெழுத்துப் போடுவார். போட்டார், பக்கத்துக்குப் பக்கம், பச்சை மையில்.

கடை ஓட ஆரம்பித்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கன்னடத்தில் கத்துவார்கள், தெலுங்கில் திட்டுவார்கள், தமிழில் தோற்பார்கள். பாய் வாசலில் நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். நாலு மாதம்தான். தொழிலாளிகள் காசு வைத்துச் சூதாடுகிறார்கள் என்று யாரோ ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். ஹெட் கான்ஸ்டபிள் செல்லையா வந்து, பறிமுதல் மகஜர் எழுதி, மூன்று பெட்டிக்கும் அரக்கு சீல் வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். சூதாட்டக் கருவி என்று கோர்ட் சொல்லிவிட்டால் உடைத்துப்போட உத்தரவு வரும். பாய் என் மேஜை முன்னால் வந்து நின்றார். "ஒடைச்சுடுவாங்களாமே சார்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். சின்ன வயது, பெரிய குரல். என் நாடக உத்தரவைப் பார்த்ததும் அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "சார், இது போதும். நாடகம்னு சர்க்காரே கையெழுத்துப் போட்டிருக்கு. நாடகம்னா பேச்சு. பேச்சுன்னா அரசியல் சட்டம் அதுக்குக் காவல் நிக்குது. சூதாட்டப் பொட்டிய ஒடைக்கலாம், பேசுற வாய ஒடைக்க முடியுமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கடைசிக் காட்சி என் சொந்தச் சரக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

விசாரணை அன்று என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் நல்ல மூளைக்காரர். "இந்தப் பெட்டி பேசுமா?" என்று கேட்டார்.

"பபூன்கூடச் சில சமயம் பேச மாட்டானுங்க. ஆனா சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போயிருவான்" என்றேன். என் கதையாயிற்றே.

மாஜிஸ்திரேட் மீசைக்குள் சிரித்தார். அரசு வக்கீல் விடவில்லை. "கனம் கோர்ட்டார் அவர்களே, இது நாடகம்தான் என்றால், அனுமதித்த வசனப்படி நடந்து காட்டட்டும். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை. ஒரு காட்சி மாறினாலும் அனுமதி செல்லாது" என்றார்.

மாஜிஸ்திரேட் ‘சரி’ என்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து சான்றுப் பொருளான பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார்கள். அறையில் ஒரே ஒரு பிளக், அதுவும் மாஜிஸ்திரேட்டின் டேபிள் ஃபேனுக்கு. ஃபேனைப் பிடுங்கினார்கள். காசு யார் போடுவது என்று ஒரு தகராறு. அரசு வக்கீல் போட்டால் அவரே ஆடினதாக ஆகிவிடும். பாய் பெட்டியைத் திருப்பி, பின்கதவைத் திறந்து உள்ளே எதையோ தட்டி, காசில்லாமலே உயிர் கொடுத்தார். அவர் தட்டி முடித்துத் திருப்பி வைக்கும்வரை பெட்டியின் முகம் சுவரைப் பார்த்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"யார் ஆடுவது?" என்றார் மாஜிஸ்திரேட். பாய் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன். அப்போது வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, அரசுத் தரப்பு முதல் சாட்சி இரண்டு வாரம் மப்டியில் தினமும் அந்தக் கடையில் உளவு பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். சும்மா நின்றா உளவு பார்த்திருப்பார்?"

எல்லார் தலையும் செல்லையா பக்கம் திரும்பியது. தென்மாவட்டத்து மனிதர், கறுத்த முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஐயா, கடமை நிமித்தம்... ஒரு தடவ இல்ல, ரெண்டு மட்டம் போயிருக்கேன்" என்றார்.

"வாங்க."

செல்லையா தொப்பியைக் கழற்றி டவாலியின் கையில் கொடுத்தார். பெட்டி முன்னால் கால் அகட்டி நின்றார். அவ்வளவுதான், போலீஸ்காரர் மறைந்துவிட்டார். நான் கூண்டில் நின்று வசனத்தைப் படிக்க, அவர் ஆட, மாஜிஸ்திரேட் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காட்சி ஒன்று, காடு." காடு வந்தது. "காட்சி இரண்டு, மலை." மலை வந்தது. பாலத்தில் இரண்டு முரடர்கள் சேர்ந்து வந்தார்கள். செல்லையாவுக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. "வாலே, வா! ஒன்னத்தாம்ல தேடிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினார்.

"அந்த வசனம் பிரதியில் இருக்கிறதா?" என்று அரசு வக்கீல் பாய்ந்தார்.

"அது பபூன் பகுதிங்க. எழுதிக் குடுக்கிற வழக்கம் இல்ல" என்றேன். மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டினார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோட்டை இருந்தது. கூண்டும் இருந்தது. கூண்டுக்குள் ஓர் ஆள். வீரன் கூண்டை உடைத்தான், உள்ளே இருந்தவன் வெளியே வந்தான். கெட்டவன் பொத்தென்று விழுந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை, மறைந்துவிட்டான்.

"மன்னிப்பு எங்கே? கடைசிப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறான் என்று இருக்கிறதே, கேட்கவில்லையே!" அரசு வக்கீலின் குரல் ஜன்னல் தாண்டிப் போயிற்று. பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

திரை கறுத்தது. பிறகு வெள்ளை எழுத்துகள் திரை முழுக்க வந்து நின்றன. பெட்டி பெட்டியாக, குச்சி குச்சியாக, யாருக்கும் தெரியாத எழுத்து.

"அது என்ன?" என்றார் மாஜிஸ்திரேட். எல்லையோரக் கோர்ட்டு, கன்னடத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், தெலுங்குக்கு ஒருவர் எப்போதும் உண்டு. இருவரும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாதையன், என்ன எழுதியிருக்கு?"

"அந்தப் பாஷை எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றேன். அது உண்மை. "ஆனா கெட்டவன் விழுந்ததுக்கப்புறம் இவ்ளோ நீளமா ஒண்ண எழுதிக் காட்டுறாங்கன்னா, நாடகத்துல கடைசியா என்ன சொல்லுவாங்களோ அதத்தான் சொல்லியிருப்பாங்க." இதுவும் பொய் இல்லை, என் அபிப்பிராயம். ஆனால் ஒன்றை நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டி ஆட்டம் முடிந்தால் தானாக அணைந்து மறுபடி எழும், எழும்போது இந்த எழுத்தைக் காட்டும். காலையில் ஸ்விட்சைப் போட்டாலும் இதே எழுத்துதான். அன்று பாய் உயிர் கொடுத்தபோதும் வந்திருக்கும், முகம் சுவர்ப் பக்கம் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும், செல்லையாவுக்கும் தெரியும். மூன்று பேரும் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செல்லையா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டியை உடைத்துவிட்டால் அவர் எங்கே போய் ஆடுவார்?

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைப்பிஸ்ட்டிடம் சொல்ல ஆரம்பித்தார். ‘கோர்ட்டாருக்குப் புரியாத மொழியில் ஒன்று சொல்லப்பட்டால், அது பேச்சே இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஊரில் அப்படித் தீர்ப்புச் சொன்னால், பாதிப் பேரை ஊமை என்று சொன்னதாக ஆகும். இந்தப் பெட்டி ஒரு கதையைச் சொல்கிறது. அரசுத் தரப்பு முதல் சாட்சி அதைத் திறமையால் நடத்திக் காட்டினார். இது சூதாட்டக் கருவி அல்ல.’ பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த எழுத்துகளை நான் கையால் பிரதி எடுத்து இரண்டு நாளில் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பி, "நீங்க எழுதின முடிவு நல்லா இருந்துச்சு, மாதையன்" என்றார். காது சுட்டது.

பிரதி எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. எழுத்து கொஞ்ச நேரம்தான் நிற்கும். பாய் ஸ்விட்சைப் போடுவார், நான் ஓர் எழுத்தை வரைவேன், அணைப்பார், போடுவார். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று என் மேஜை டிராயருக்கு. ஒன்றை அன்வர் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுவாரம் போனபோது கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே தீர்ப்பு நகலின் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகுமுன் அதன் மூலையில் ஒரு சொட்டு அத்தர் தடவுவார். "கோர்ட்டே ஒத்துக்கின எழுத்து சார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

தாசில்தாருக்குத் தீர்ப்பு நகலை ஃபைலில் வைத்து அனுப்பினேன். ‘பேசவும்’ என்று வந்தது. போய் நின்றேன். இரண்டு வில்லையையும் துடைத்து முடித்தார். "தலைப்பு சரியாத்தான் உக்காந்திருக்கு" என்றார். எனக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு ஜப்பான் கம்பெனிக்காரர்கள் தொழிற்பேட்டை நிலம் விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். கூட அவர்களுடைய பாஷை படித்த ஒரு பெங்களூர்ப் பெண் வந்திருந்தாள். மதியம் டீ குடிக்கும்போது என் மேஜை டிராயரில் இருந்த கார்பன் பிரதியை எடுத்து நீட்டினேன். "இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

அந்தப் பெண் படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அங்கிள், இது கதை இல்ல, எச்சரிக்கை. இந்த எந்திரம் ஜப்பானுக்குள்ள மட்டும்தான் ஓடணும், வேற நாட்டுல ஓட்டுனா சட்டப்படி குத்தம்னு எழுதியிருக்கு."

டீ ஆறிப்போயிற்று. கனம் கோர்ட்டார் முன்னிலையில், அவர்களே பிரதி எடுக்கச் சொல்லி, எங்கள் குற்றத்தை நானே என் கையால் வரைந்து, நானே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்திருக்கிறேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது, இரண்டையும்விட வெட்கம் அதிகமாக வந்தது. நேரே பாயின் கடைக்குப் போனேன். பெட்டிகள் பழசாகி இரண்டு ஓரமாகக் கிடந்தன, ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டம் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கல்லாவை மூடிவிட்டு எழுந்தார். "அப்ப, அன்னிக்கு நம்ம பொட்டியே நமக்கு எதிரா சாட்சி சொல்லிக்கினு நின்னுச்சா சார்?"

"ஆமா பாய். கழட்டிருங்க, யாராவது படிச்சுத் தொலைக்கப் போறாங்க."

சட்டத்தைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். துடைத்துவிட்டு அதே ஆணியில் திருப்பி மாட்டி, சாய்வு இல்லாமல் நேர் செய்தார்.

"நமக்கு ஆவாததப் பேசுனாலும் அது பேச்சுதானே சார்? அன்னிக்கு அந்த வக்கீலம்மா அதுக்குத்தானே அவ்ளோ கத்துச்சு" என்றார். "தொங்கிட்டுப் போவட்டும்."